கொடி இறங்கினால்தான் திருவிழா முடியும்: கலம் தன் புரதங்களைத் தானே உடைப்பது ஏன்?

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கட்டுக்கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். காலையிலிருந்து பின்னேரம் வரை ஆட்கள் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் மட்டம் பெரிதாக இறங்காது, அடியில் ஊற்று வந்துகொண்டே இருக்கிறது. காலையில் பார்த்த மட்டத்தை மாலையிலும் பார்க்கலாம். தண்ணீர்தான் வேறு.

நம் உடம்பிலுள்ள புரதங்களின் கதையும் இதுதான். 1930கள் வரை அறிவியலாளர்கள் பலர் அப்படி நினைக்கவில்லை. உடம்பு கட்டி முடித்த வீடு, சாப்பாடு அதில் எரிக்கும் விறகு, தேய்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பூச்சு வேலை நடக்கும் என்பதுதான் அன்றைய எண்ணம். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடோல்ஃப் ஷொயன்ஹைமர், நைதரசனின் பாரமான சமதானியை அமினோவமிலங்களில் ஏற்றி, வளர்ந்து முடிந்த எலிகளுக்கு ஊட்டினார். எலியின் எடை கூடவில்லை. அப்படியென்றால் அந்த நைதரசன் அப்படியே சிறுநீரில் வந்துவிட வேண்டும். வரவில்லை. பெரும்பகுதி எலியின் சொந்தப் புரதங்களுக்குள் போய் அமர்ந்திருந்தது. பழைய புரதம் உடைந்து, அதன் இடத்தில் புதியது வந்திருந்தது. மட்டம் அதே மட்டம், தண்ணீர் வேறு.

உயர்தர உயிரியல் வகுப்பில் புரதத் தொகுப்பை நாங்கள் வாரக்கணக்காகப் படிப்பிக்கிறோம். டி.என்.ஏ. பிரதியாவது, இறைபோசோம் வாசிப்பது, அமினோவமிலம் ஒவ்வொன்றாகக் கோர்க்கப்படுவது எல்லாம் வரும். உடைவதைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். பல வருடம் நானும் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஆக்குவது எவ்வளவு நுட்பமான வேலையோ, அதே அளவு நுட்பம் உடைப்பதிலும் இருக்கிறது. கலம் தன் முடிவுகளில் பலவற்றை உடைப்பதன் மூலமே எடுக்கிறது.

எல்லாப் புரதங்களுக்கும் ஒரே ஆயுள் இல்லை. கண்வில்லையின் நடுவிலுள்ள கிரிஸ்டலின் புரதம் நாம் பிறக்குமுன் ஆக்கப்பட்டது, நாம் கண்ணை மூடும்வரை அதேதான். செங்குருதிக்கலத்தின் ஈமோகுளோபின் அந்தக் கலத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 120 நாள் இருக்கும். கலம் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எந்தப் பரம்பரையலகைத் திறக்க வேண்டும் என்று ஆணையிடும் சீராக்கும் புரதங்களோ பெரும்பாலும் சில நிமிடங்களில் அழிந்துவிடுகின்றன. கட்டுமானத்துக்கு வந்தவை நிலைக்கின்றன, கட்டளை கொண்டுவந்தவை நிலைப்பதில்லை.

ஏன் அப்படி? சின்னக் கணக்கு ஒன்று போட்டால் விளங்கும். ஒரு கலத்தில் இரண்டு புரதங்கள், இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் மூலக்கூறுகள் என்று வைப்போம். ஒன்றின் அரைவாழ்வு, அதாவது பாதி உடைந்துபோக எடுக்கும் நேரம், 10 நிமிடம், மற்றதன் அரைவாழ்வு 10 மணித்தியாலம். இப்போது இரண்டின் உற்பத்தியையும் ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தால், முதலாவதில் ஏறத்தாழ 16 மூலக்கூறுதான் மிஞ்சியிருக்கும். இரண்டாவதில் 930க்கு மேல் அப்படியே நிற்கும். உற்பத்தியை நிறுத்தியும் பழைய ஆணை கலத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கூட்டும்போதும் இதே கதைதான், இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். உற்பத்தியை இரட்டிப்பாக்கினால் முதல் புரதம் புதிய மட்டத்துக்குப் பாதி வழி போக 10 நிமிடம் எடுக்கும். இரண்டாவதற்கு அதே பாதி வழி போக 10 மணித்தியாலம் வேண்டும். ஒரு புரதத்தின் மட்டம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதைத் தீர்மானிப்பது அது ஆக்கப்படும் வேகம் அன்று, உடைக்கப்படும் வேகம். கன்னியாவில் யாராவது ஒரு கிணற்றில் மஞ்சள் கரைத்துவிட்டால், அந்த நிறம் எப்போது போகும் என்பது எத்தனை வாளி அள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அல்லவா? அதைப் போல.

இதற்கு விலையும் உண்டு. ஆயிரத்தை ஆயிரமாகவே வைத்திருக்க, முதல் புரதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மூலக்கூறுகளைப் புதிதாக ஆக்க வேண்டும். இரண்டாவதில் ஒன்று சொச்சம் போதும். அறுபது மடங்கு செலவு. ஓர் அமினோவமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க, உயர் சக்திப் பொசுபேற்றுப் பிணைப்புகள் நான்கு அளவில் செலவாகின்றன. 393 அமினோவமிலங்கள் கொண்ட பி53 என்ற புரதத்தின் ஒரேயொரு மூலக்கூறுக்கே ஆயிரத்தைந்நூறுக்கு மேல் போய்விடும். "சேர், செய்து செய்து உடைக்கிறது வீண் செலவுதானே?" என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவில் கலம் வாங்குவது வேகம். மாற வேண்டிய நேரத்தில் மாற முடியாத கலம் நீண்ட நாள் தப்பிப் பிழைக்காது.

சரி, இது உண்மையாகவே நடக்கிறது என்று எப்படிக் கண்டார்கள்? அதற்கு முள்ளெலியிடம் போக வேண்டும். காட்டு முள்ளெலி அன்று, கடல் முள்ளெலி. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போய் ஆழம் குறைந்த பாறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்பாக நீண்ட ஊசிகளை நீட்டிக்கொண்டு இடுக்கில் ஒளிந்திருக்கும். கால் வைத்தால் தெரியும் வலி! அதன் உறவான இன்னொரு கடல் முள்ளெலியின் முட்டைகளோடு 1982 கோடையில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில் டிம் ஹண்ட் வேலை செய்துகொண்டிருந்தார். கடல் முள்ளெலி முட்டைகள் கருக்கட்டியதும் எல்லாம் ஒன்றாகத் தாளம் தப்பாமல் பிரியும். ஆகவே கலப்பிரிவைப் படிக்க அவை வரப்பிரசாதம்.

அவர் முட்டைகளுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோவமிலத்தைக் கொடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, புதிதாகத் தோன்றும் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாப் புரதங்களும் நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே வந்தன. ஒன்று மட்டும் கூடியது, கலம் பிரியும் கட்டத்தில் திடீரென்று காணாமற்போனது, மறுபடி கூடியது, அடுத்த பிரிவில் மறுபடி காணாமற்போனது. அதற்குச் சைக்கிளின் என்று பெயர் வைத்தார்கள். 1983இல் அந்த ஆய்வு வெளிவந்தது, 2001இல் ஹண்ட், லேலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சைக்கிளின் எதற்கு ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்பதை விளக்க எனக்கு நம் கோயில் கொடியைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. கொடி ஏறினால் திருவிழா தொடங்கிவிட்டது. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்ட மாட்டார்கள், விரதம் நடக்கும், சாமி வீதியுலா வரும். தேரும் தீர்த்தமும் முடிந்தாலும் கொடி இறங்கும்வரை திருவிழா முடிந்ததாகக் கணக்கில்லை. சைக்கிளின் ஏறும்போது கலம் இழையுருப்பிரிவுக்குள் நுழைகிறது. இறங்கும்போதுதான் வெளியே வருகிறது. இறங்காவிட்டால்? 1989இல் ஆண்ட்ரூ மரேயும் மார்க் கிர்ஷ்னரும் அதைச் செய்தே பார்த்தார்கள். சைக்கிளினின் முன்பகுதியிலிருந்து 90 அமினோவமிலங்களை வெட்டிவிட்டார்கள், அந்தச் சைக்கிளினைக் கலத்தால் உடைக்க முடியவில்லை. அவர்கள் சோதித்த, கலங்களிலிருந்து எடுத்த சாறு இழையுருப்பிரிவுக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. கொடி இறங்காத திருவிழா.

உடைப்பது கழிவு அகற்றும் வேலை என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. அந்தச் சைக்கிளினில் பழுது எதுவும் கிடையாது, அது தேய்ந்துபோகவும் இல்லை. நல்ல நிலையிலிருக்கும் ஒரு புரதத்தை, அதன் வேலை முடிந்த கணத்தில், கலம் திட்டமிட்டு அழிக்கிறது.

இனி, எப்படி அழிக்கிறது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. புரதத்தை உடைக்க நம் வயிற்றிலுள்ள நொதியங்களுக்கு, கலம் சக்திக்காகச் செலவழிக்கும் ஏ.ரி.பி. தேவையில்லை. கட்டியதைக் குலைப்பதற்குச் சக்தி எதற்கு? ஆனால் கலத்துக்குள் புரதம் உடைய ஏ.ரி.பி. வேண்டியிருந்தது. 1953இலேயே இது தெரிந்தும் காரணம் விளங்கவில்லை. கிறிஸ்தியன் டி டூவ் 1955 அளவில், கலத்துக்குள் செரிக்கும் நொதியங்கள் நிறைந்த பையான இலைசோசோமைக் கண்டுபிடித்தபோது பலர் விடை கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். அதுவும் போதவில்லை. அந்தப் பைக்குள் விழும் எதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி கரையும். பக்கத்தில் நிற்கும் ஆயிரம் புரதங்களைத் தொடாமல் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்க அதனால் எப்படி முடியும்?

ஹைஃபாவின் தெக்னியனில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரன் சிகனோவரும் முயலின் முதிராத செங்குருதிக்கலங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் இலைசோசோம் இல்லை, ஆனாலும் ஏ.ரி.பி. கொடுத்தால் புரதம் உடைகிறது. சாற்றை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். தனித்தனியே எதுவும் வேலை செய்யவில்லை, சேர்த்தால் செய்தன. ஒரு பங்கு முழுக்க ஈமோகுளோபின், அதற்குள் தேடும் சாமான் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஈமோகுளோபினை எப்படி அகற்றுவது? சூடாக்கிப் பார்த்தார்கள். ஈமோகுளோபின் திரண்டு சேறாகிப் படிந்தது. தேடிய சின்னப் புரதமோ அந்தச் சூட்டுக்கும் அசையாமல் கரைசலிலேயே நின்றது. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவிலிருந்த அர்வின் ரோஸின் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து அவர்கள் 1980இல் காட்டியது இது: அந்தச் சின்னப் புரதம் தானாக எதையும் உடைப்பதில்லை. உடைபட வேண்டிய புரதத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அது வெறும் அடையாளம். ஏற்கெனவே வேறு இடத்தில் யுபிகுயிட்டின் என்று பெயரிடப்பட்டிருந்த புரதமும் இதுவும் ஒன்றே என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது. 2004இல் மூவருக்கும் இரசாயனவியல் நோபல்.

யுபிகுயிட்டினில் 76 அமினோவமிலங்கள்தான். மதுவத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் அதில் மூன்றே மூன்று இடங்களில்தான் வித்தியாசம். நூறு கோடி ஆண்டு கடந்தும் இயற்கை இதில் கைவைக்கத் துணியவில்லை.

ஒட்டும் வேலையை மூன்று வகை நொதியங்கள் கைமாற்றிச் செய்கின்றன. முதல் வகை ஏ.ரி.பி.யைச் செலவழித்து யுபிகுயிட்டினைத் தயார் செய்கிறது, இரண்டாவது அதை வாங்கிச் சுமக்கிறது, மூன்றாவதான இ3 உடைபட வேண்டிய புரதத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக யுபிகுயிட்டின்கள் சங்கிலியாகக் கோர்க்கப்படுகின்றன. அந்தச் சங்கிலியைப் பார்த்ததும் புரோட்டியசோம் என்ற பெரிய இயந்திரம் புரதத்தை உள்ளே இழுக்கிறது. அதன் நடுப்பகுதி ஒரு பீப்பாய். நான்கு வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு அலகுகள். வெட்டும் பற்கள் எல்லாம் பீப்பாய்க்கு உட்பக்கம்தான், வாசலோ மிக ஒடுக்கம். மடிந்து திரண்டிருக்கும் புரதத்தால் அதற்குள் நுழைய முடியாது. மூடியிலுள்ள பகுதிகள் ஏ.ரி.பி.யை எரித்து அதை நூல் மாதிரி பிரித்து இழுத்து உள்ளே தள்ள வேண்டும். யுபிகுயிட்டின் மட்டும் வாசலிலேயே கழற்றப்பட்டு மறுபடி வேலைக்குப் போகிறது. சக்தி எதற்கு என்ற பழைய கேள்விக்கு விடை இதுதான். வெட்டுவதற்கு அன்று, தேர்ந்தெடுத்து அடையாளமிடவும், பிரித்து உள்ளே இழுக்கவும்.

ஆக, உடைக்கும் இயந்திரம் ஒன்றேதான், கிட்டத்தட்ட எப்போதும் தயாராக நிற்கிறது. கட்டுப்பாடு இருப்பது அதில் அன்று, யாரை அனுப்புவது என்ற முடிவில். முதல் வகை நொதியம் மனிதனில் இரண்டே இரண்டு. இரண்டாவது வகை நாற்பதளவில். இ3 வகை அறுநூறளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று சில புரதங்களையே அறியும்.

அந்த அறிதலையும் கலம் பலவிதமாகத் திருகுகிறது. கிருமி உள்ளே வந்த செய்தி கிடைத்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அழற்சிக்கான பரம்பரையலகுகளைத் திறக்கும் புரதம் முன்னமே ஆக்கப்பட்டுத் தயாராக இருக்கிறது, ஆனால் இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து, டி.என்.ஏ. இருக்கும் கலக்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் காவற்காரப் புரதத்தின்மேல் இரண்டு பொசுபேற்றுகள் ஏறுகின்றன. இ3 அந்தப் பொசுபேற்றுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தது. சில நிமிடத்தில் காவல் அழிகிறது, மற்றது கருவுக்குள் ஓடுகிறது. ஓடிப்போய்த் திறக்கும் பரம்பரையலகுகளில் ஒன்று, அழிந்த அதே காவற்காரனை மறுபடி ஆக்கும் பரம்பரையலகு! தீயை மூட்டும்போதே அணைக்கும் தண்ணீருக்கும் ஆள் அனுப்பியாயிற்று.

பி53உம் இப்படித்தான். டி.என்.ஏ. பழுதானால் கலப்பிரிவை நிறுத்துவது, பழுது மீளாதென்றால் கலத்தையே சாகச் சொல்வது அதன் வேலை. அவ்வளவு ஆபத்தான புரதத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது. அதனால் எம்.டி.எம்.2 என்ற இ3 அதை ஆக்க ஆக்கப் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டி.என்.ஏ. பழுதானதும் அந்தப் பிடி தளர்கிறது, பி53 தேங்குகிறது. புதிதாகப் பிரதியெடுத்து, வாசித்து, ஆக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, அழிப்பதை நிறுத்தினால் போதும். எம்.டி.எம்.2 இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகள் கருவிலேயே இறந்துவிட்டன. பி53ஐயும் சேர்த்து நீக்கியபோது அவை பிறந்து வளர்ந்தன. 1995இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டன. எம்.டி.எம்.2 ஏன் அத்தனை அவசியம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஒரு வைரசு இந்த ஏற்பாட்டைக் களவெடுத்தும் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசின் இ6 என்ற புரதம், கலத்தின் சொந்த இ3 ஒன்றைப் பிடித்து, அதற்குச் சம்பந்தமேயில்லாத பி53ஐக் காட்டிக்கொடுக்கிறது. பி53 பழுதாகவில்லை, பரம்பரையலகிலும் பிழையில்லை, ஆனாலும் கலத்தில் அது இல்லை. 2017இலிருந்து இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி இந்த வைரசுக்கு எதிரானதுதான். ஊசி போட்ட நாளில் கையைத் தடவிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

தாவரங்களும் இதே வழியில் நடக்கின்றன. தம்பலகாமத்து வயலிலோ கந்தளாய்க் குளத்துக்குக் கீழோ நிற்கும் நெல்லுக்குள் டெல்லா என்ற வகைப் புரதம் ஒன்று வளர்ச்சியை அமுக்கிப் பிடித்திருக்கிறது. ஜிபரலின் ஓமோன் வந்தால் அந்தப் புரதம் அடையாளமிடப்பட்டு உடைகிறது, தண்டு நீள்கிறது. அதாவது ஜிபரலின் வளர்ச்சியைத் தள்ளிவிடுவதில்லை, தடையைத்தான் உடைக்கிறது. நாற்றுகள் வெளிறி ஆளுயரத்துக்குக் கிளம்பிச் சாயும் ஒரு நோயில் பூஞ்சணம் தானே ஜிபரலினைச் சுரக்கிறது, 1926இல் ஜப்பானின் குரோசாவா அதிலிருந்துதான் இந்தப் பொருளின் தடத்தைக் கண்டார். 1966இல் வந்த ஐ.ஆர்.8 முதலிய குட்டை நெல்லில் நடந்தது இதற்கு நேர் எதிர். அவற்றில் ஜிபரலின் குறைவாகவே ஆக்கப்படுகிறது, டெல்லா உடையாமல் மிஞ்சுகிறது, தண்டு குட்டையாக நிற்கிறது, உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் சாயாது. பசுமைப் புரட்சி என்று நாம் படிப்பதில் ஒரு பெரும்பங்கு, ஒரு புரதம் உடையாமல் நின்றதன் விளைவு.

எல்லாம் யுபிகுயிட்டின் வழியாகத்தான் என்று எண்ணிவிடவும் கூடாது. பொலியமைன்களை ஆக்கும் ஓணிதீன் டிகாபொக்சிலேசு என்ற நொதியம் யுபிகுயிட்டின் ஒட்டாமலேயே புரோட்டியசோமுக்குப் போகிறது. வேறொரு சின்னப் புரதம் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது, அவ்வளவுதான். பற்றீரியாவில் யுபிகுயிட்டினே இல்லை, லொன் போன்ற நொதியங்கள் புரதத்தின் நுனியிலுள்ள எழுத்தை நேரே வாசித்து உடைக்கின்றன. டி.என்.ஏ. பழுதானபோது கலப்பிரிவைத் தடுக்க ஈ. கோலை ஆக்கும் புரதத்தை லொன்தான் பிறகு அழிக்கிறது. லொன் இல்லாத ஈ. கோலை பழுதைச் சரிசெய்த பிறகும் பிரிய மறந்து நீண்ட நூலாக வளர்ந்துகொண்டே போகும்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் வீட்டுக்குக் கிட்ட வருவது. சிறுநீரக நோயாளியான என் சித்தப்பாவுக்குக் குருதி குறைந்தால், செங்குருதிக்கலங்களைப் பெருக்கும் எரித்திரோபொயிற்றின் ஊசி போடுவார்கள். பதவிசிறிபுர பக்கமும் வடமத்திய மாகாணத்திலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய பிறகு இந்த ஊசியின் பெயர் நம் மாவட்டத்தில் பலருக்கும் பழக்கம். ஆரோக்கியமான சிறுநீரகம் அதைத் தானே சுரக்கும். எப்போது சுரப்பது என்று சொல்வது ஹிஃப் என்ற புரதம். ஒட்சிசன் போதுமான அளவில் இருக்கும்போது கலம் ஹிஃபை ஆக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அது ஐந்து நிமிடமளவில் அழிந்துவிடுகிறது. காரணம், ஒரு நொதியம் ஒட்சிசனையே எடுத்து ஹிஃபிலுள்ள இரண்டு புரோலின்கள்மீது ஒட்டுகிறது, வி.எச்.எல். என்ற புரதம் அந்தக் குறியைப் பார்த்து ஹிஃபை அனுப்பிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்தால் ஒட்ட எதுவும் இல்லை, குறி இல்லை, ஹிஃப் தப்புகிறது, எரித்திரோபொயிற்றின் சுரக்கிறது, செங்குருதிக்கலங்கள் பெருகுகின்றன. ஒட்சிசனை அளக்கும் கருவி தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை, உடைப்பின் வேகமே அளவுகோல். வில்லியம் கேலின், பீட்டர் ரட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019இல் இதற்காக நோபல் பெற்றார்கள்.

அந்தக் குறியை இடும் நொதியத்தைத் தடுக்கும் குளிசைகள் இப்போது வந்திருக்கின்றன. ரொக்சடுஸ்டற் என்பது 2018இல் சீனாவில் முதலில் அனுமதிக்கப்பட்டது. குருதி கட்டிபடும் ஆபத்து இருப்பதால் மருத்துவர்கள் கவனமாகவே கொடுக்கிறார்கள். அந்தக் குளிசையில் எரித்திரோபொயிற்றின் ஒரு துளியும் கிடையாது. நிமிடத்துக்கு நிமிடம் நடந்துகொண்டிருந்த ஓர் உடைப்பை அது நிறுத்துகிறது, உடம்பு மீதியைத் தானே செய்துகொள்கிறது.